தலை தெரியுது, சாமி!

பெரியவர்களே, சின்னவர்களே, கேளுங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் காதை மட்டுமாவது இந்தப் பக்கம் வையுங்கள்.

ஆறுகள் தம் இஷ்டத்துக்கு ஓடிய காலத்தில் மருதவேள் என்றோர் அரசன் இருந்தான். யானைக்கு அஞ்சமாட்டான், எதிரிக்கு அஞ்சமாட்டான், பிரசவம் என்றால் மட்டும் கைகால் உதறும். அவனைப் பெற்ற அன்றே அவன் தாய் இறந்துபோனாள். அன்று பக்கத்தில் ஒரு மருத்துவச்சி இல்லை.

அரசி முழுகாமல் இருப்பது தெரிந்ததும் அவன் முரசு அறைவித்தான். "நாட்டு மருத்துவச்சிகள் எல்லோரும் அரண்மனைக்கு வந்துவிட வேண்டும்!" முப்பது ஊர்களிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். முப்பது ஊர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன.

வராதவள் ஒருத்திதான், ஈச்சங்காட்டுச் சடைச்சி. காவலர்கள் முதல் முறை போனபோது, "தலை தெரியுது, சாமி! அப்புறம் வாங்க" என்று குடிசைக்குள்ளிருந்து கத்தினாள். இரண்டாம் முறை வேறு குடிசை, அதே பதில். மூன்றாம் முறையும் அதுவே. சுற்றுவட்டாரத்து மருத்துவச்சிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால், மிஞ்சிய ஒருத்திக்கு ஓய்வு ஏது?

அரசன் பல்லைக் கடித்தான். "என் பிள்ளை பிறக்கட்டும், அவளுக்கு அப்புறம் வைத்துக்கொள்கிறேன் கச்சேரி!"

இத்தனை ஏற்பாட்டில் அவன் ஒன்றை மறந்துவிட்டான். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அரசியின் தாய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், மாப்பிள்ளை."

அரசனே ஆனாலும் மாமியார் முன்னால் வாய் திறப்பானா?

அரசியின் பல்லக்கும் அரசனும் முன்னே போக, முப்பது மருத்துவச்சிகளும் மாட்டுவண்டிகளில் பின்னே வந்தார்கள். பல்லக்கு காட்டாற்றைக் கடந்ததுதான் தாமதம், வெள்ளம் வந்து வண்டிகளை அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. அரசிக்கும் அப்போதே இடுப்புவலி கண்டது.

"மூச்சைப் பிடிங்க!" என்று அக்கரையிலிருந்து ஒருத்தி கத்தினாள். "மூச்சை விடுங்க!" என்றாள் இன்னொருத்தி. "ரெண்டையும் கேக்காதீங்க!" என்றாள் மூன்றாமவள்.

இக்கரையில் இருந்த ஊர் எது தெரியுமா? ஈச்சங்காடு!

அரசன் குதிரையையும் மறந்து ஓடினான். சடைச்சி அப்போது பாய் முடைகிறவன் மனைவிக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அரசன்! உடனே வா!" என்று வாசலில் நின்று முழங்கினான்.

"தலை தெரியுது, சாமி!"

அவன் கை வாளுக்குப் போனது. உள்ளே அந்தப் பெண் வலியில் அலறினாள். தன் தாயும் இப்படித்தான் அலறியிருப்பாள் என்று நினைத்தான். இப்போது சடைச்சியை இழுத்துப்போனால், பிறக்கப்போகும் பிள்ளையும் தன்னைப்போல் தாயில்லாப் பிள்ளை ஆகலாம். கை தானே இறங்கியது.

"நான் என்ன செய்யட்டும், தாயே?"

"ராணியம்மாவை இங்க தூக்கிட்டு வாங்க, ராசா. இன்னொரு பாயை விரிங்க. அப்புறம் சும்மா நிக்காம வெந்நீர் போடுங்க!"

அரசன் அடுப்பு ஊதினான். மீசையில் பாதி கருகியது. முதலில் பாய்க்காரன் மகள் பிறந்தாள், அடுத்து இளவரசன் பிறந்தான். இரண்டு தாய்மாரும் பிழைத்தார்கள். அரசன் கருகிய மீசையோடு நின்று தேம்பித் தேம்பி அழுதான்.

வெள்ளம் வடிந்து முப்பது பேரும் வந்து சேர்ந்தபோது, "அவரவர் ஊருக்குப் போங்கள், அங்கே காத்திருப்பார்கள்" என்று அவனே வண்டிகளைத் திருப்பிவிட்டான்.

பிறகு சடைச்சிக்குப் பரிசு தர வேண்டுமென்று அவளைத் தேடினான். அடுத்த தெருவிலிருந்து குரல் வந்தது.

"தலை தெரியுது, சாமி! அப்புறம் வாங்க!"

ஊருக்கெல்லாம் உதவும் கைகளைத் தன் வாசலில் கட்டிப்போடுகிறவனுக்கு, வேண்டிய நேரத்தில் அந்தக் கைகள் எட்டாமல் போகும்.