நிற்காத பஞ்சர் கடை

கிட்ட வந்து உட்காருங்க, எங்க ஊர் முத்துப்பேச்சி சங்கதியைச் சொல்றேன். ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டு வேப்பமரத்தடியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிப் பிழைத்தவள். சுற்றுவட்டாரத்துக்கே அந்த ஒரு கடைதான்.

ஒருநாள் சேர்மன் கனகசபாபதி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"நாளைக்கு சைக்கிள் பேரணி நடத்துறேன். ரோடு பளிச்சுன்னு இருக்கணும். இனி உன் கடை இந்த ரோட்டுல எங்கேயும் நிக்கக் கூடாது!"

"சரிங்கய்யா, நிக்காது."

மறுநாள் பம்பு, சட்டி, ரப்பர் எல்லாத்தையும் தன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்தாள்.

பேரணியை நடத்திக்கொண்டு முன்னால் வந்த சேர்மனின் புது சைக்கிள் டயரில், அந்த வேப்பமரத்துக்கிட்டயே உடைமுள் ஏறிவிட்டது. பின்னால் ஊரே காத்து நிற்கிறது. முத்துப்பேச்சி வந்தாள், இறங்காமல் அவரையே சுற்றிச் சுற்றி ஓட்டினாள்.

"நில்லும்மா! பஞ்சர் ஒட்டணும்!"

"கடை நிக்கக் கூடாதுன்னு உத்தரவாச்சே. நீங்க சைக்கிளைத் தூக்கிட்டு கூடவே ஓடி வாங்க, ஒட்டிப் பார்க்கேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அட, நிக்கலாம் தாயி!"

"எங்கன ஐயா?"

"இந்த மரத்தடியிலதான்!"

"எது வரைக்கும்?"

"நீ இருக்கிற வரைக்கும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?" என்றவள், மரத்தடியில் ஸ்டாண்டைப் போட்டாள். டியூபில் ஓட்டை பார்க்கத் தண்ணி வேண்டுமே? காலிச் சட்டியைச் சேர்மன் கையில் கொடுத்து, ரோட்டோரத்துத் தண்ணி அடிபம்பைக் காட்டினாள்.