மூக்கில் இறகு

நாச்சிமுத்துவின் கோழிக்கொட்டகையில் ஒரு காலத்தில் ஒரு பல்பு அம்மாவாக இருந்தது. நூறு வாட் குண்டு பல்பு. கீழே, தகரம் வளைத்த வட்டத்துக்குள் இருபத்திரண்டு குஞ்சுகள். எல்லாம் கரண்டுப் பெட்டியில் பொரிந்து, பஸ் ஏறி வந்தவை. நிமிர்ந்து பார்த்தால் அவற்றுக்கு அம்மா தெரிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தால் கண் கூசியது.

புள்ளிச்சி என்ற நாட்டுக்கோழிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவளுக்கு அடை வந்திருந்தது. அடை வந்த கோழி எதன் மேலாவது உட்கார்ந்தே தீர வேண்டும். முட்டைகளை நாச்சிமுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டதால், சாக்கோரம் உருண்டு கிடந்த நாலு சின்ன வெங்காயத்தின் மேல் உட்கார்ந்தாள். பத்து நாள் எழுந்திருக்கவில்லை.

"உனக்கு எத்தனை வாட்?" என்று மேலிருந்து பல்பு கேட்டது.

"தெரியலீங்க."

"அளவு தெரியாத சூட்டை நம்பி எப்படிக் குஞ்சைக் குடுக்கறது?"

"உக்காந்தா சூடாகுதுங்க. அவ்வளவுதான் தெரியும்."

"அதெல்லாம் ஒரு தகுதியா? என்னோட நெத்தியைப் பாரு. நூறுன்னு அச்சடிச்சிருக்கும்."

அப்போது அடியிலிருந்து ஒரு வெங்காயம் தயங்கித் தயங்கிப் பேசியது. "அம்மா, எங்களுக்குக் காலு வரலீங்க. தலையில தண்டு மட்டும் முளைக்குது."

"முளைச்சா சரி சாமி," என்றாள் புள்ளிச்சி.

வெங்காயம் தேடி வந்த நாச்சிமுத்து இதைப் பார்த்துவிட்டார். "பல்பு தொங்கறப்ப உனக்கு எதுக்கு இந்தப் பொழப்பு?" என்று அவளைத் தூக்கி, அவள் இறக்கையிலிருந்தே ஒரு இறகைப் பிடுங்கி, இரண்டு மூக்கு ஓட்டைக்கும் குறுக்கே செருகினார். அடை தெளிய அந்தப் பக்கத்தில் செய்யும் வைத்தியம் அது. மூக்கு குறுகுறுத்துக்கொண்டே இருந்தால் கோழி உட்கார மறந்துவிடுமாம். பிறகு அவளைப் பஞ்சாரக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்தார். புள்ளிச்சி எதையும் மறக்கவில்லை. வலியைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

கொட்டகைக்குக் கருவாயன் என்று ஒரு காவல் நாயும் உண்டு. கோழிகளைத் தன் கூடப்பிறந்தவர்களாக நினைக்க வேண்டும் என்று, குட்டியிலேயே அவனைப் புள்ளிச்சியின் குஞ்சுகளோடு விட்டு வளர்த்திருந்தார் நாச்சிமுத்து. வளர்ப்பு கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது. தான் ஒரு பெரிய கோழி, கூவத்தான் வரவில்லை என்று அவன் உறுதியாக நம்பினான். பல்பு வந்த பிறகு அவனுக்கும் உள்ளே இடமில்லை. வெளிச்சம் இருந்தால் எதுவும் கிட்டே வராது என்று அவனை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போயிற்று.

குஞ்சுகள் நிமிர்ந்து பார்த்தன. "அம்மா தூங்கறா" என்றது ஒன்று. எழுந்திருப்பாள் என்று காத்திருந்தன. ஈரக்காற்று தகரத்துக்குள் இறங்கியது. அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் நின்றால் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாயும். புள்ளிச்சிக்கு அது தெரியும். பஞ்சாரத்தின் இடுக்கில் தலையை நீட்டினாள்.

"ஏதாச்சும் பண்ணுங்க," என்று பல்பைக் கெஞ்சினாள்.

"நான் தயாராத்தான் இருக்கறேன். ஒயரைக் கேளு."

"கம்பத்தைக் கேளு," என்றது ஒயர்.

"மழையைக் கேளு," என்றது கம்பம்.

மழை பெய்துகொண்டே இருந்தது.

"கருவாயா!" என்று கத்தினாள் புள்ளிச்சி. அவன் கதவை முட்டித் திறந்துகொண்டு வந்து பஞ்சாரத்தைப் புரட்டினான். "சொல்லிட்டுத் தள்ளக்கூடாதா?" என்றது பஞ்சாரம். புள்ளிச்சி தகரத்தைத் தாண்டிக் குதித்து இறக்கையை விரித்தாள். பதினாலு குஞ்சு உள்ளே போயிற்று. அதற்குமேல் இடமில்லை. எட்டு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றன.

"நீ வந்து படு," என்றாள்.

"நான் காவலுக்கு வந்தவனுங்கம்மா."

"உன்னைய எங்க படுக்க வெச்சு வளர்த்தேன்? படுடா."

படுத்தான். எட்டும் அவன் வயிற்று ரோமத்துக்குள் புகுந்துகொண்டன.

அந்த நேரம் பார்த்துச் சுவரோர ஓட்டை வழியாகக் கீரி வந்தது. கால் ஈரத்தைச் சாக்கில் துடைத்துவிட்டு, "இங்க பொறுப்பு யாரு?" என்று விசாரித்தது.

"நான்தான். ஆனா இப்ப இல்ல. கரண்டு வந்ததும் வா," என்றது பல்பு.

"அப்ப வந்தா உனக்கு வேலை. இப்ப வந்தாத்தான் எனக்கு வேலை."

கருவாயனுக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. பாய்ந்தால் வயிற்றடியில் எட்டும் நசுங்கிப்போகும். பாயாவிட்டால் பதினாலும் கீரிக்கு. பிறந்ததிலிருந்து இந்த ஒரு நாளுக்காகவே சோறு தின்றவன், எழுந்திருக்க முடியாமல் கிடந்தான்.

"அசையாத," என்றாள் புள்ளிச்சி. மெல்லத் தலையைத் தூக்கிக் கீரியை நேராகப் பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் இறகு நீட்டிக்கொண்டு துடித்தது.

கீரி எத்தனையோ கோழிகளைப் பார்த்திருக்கிறது. மீசை வைத்த கோழியைப் பார்த்ததில்லை. குழம்பிப்போய் நாயைப் பார்த்தது. அவன் வயிற்றடியில் ஒரு குஞ்சு கொட்டாவி விட்டது.

"நீ அடையிலயா இருக்கறே?"

"ஆமா," என்று உறுமினான் கருவாயன். "கிட்ட வா, தெரியும்."

கீரி ஒரு அடி பின்வாங்கியது. "கோழிக்கு மீசை, நாய்க்கு அடை. இந்தத் தோட்டத்துல என்னமோ சரியில்ல. இங்க தின்னா வயித்துக்கு ஒத்துக்காது," என்று மழையிலேயே திரும்பிப் போய்விட்டது.

கரண்டு வந்தது. "பாத்தீங்களா, ஒண்ணுகூடச் சாகல," என்றது பல்பு.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்த நாச்சிமுத்து குஞ்சுகளை எண்ணினார். இருபத்திரண்டு. கண் கலங்கிவிட்டது. துண்டை எடுத்துப் பல்பைப் பக்குவமாகத் துடைத்தார். "கரண்டு போயும் சூட்டைப் புடிச்சு வெச்சிருந்திருக்குது பாரு," என்றார்.

பிறகுதான் கீழே படுத்திருந்த நாய் கண்ணில் பட்டது.

"உனக்கும் அடை வந்துருச்சாடா?" என்று புள்ளிச்சியின் வாலிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி, கருவாயனின் மூக்கில் செருகினார். அவன் தும்மினான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி மழை பெய்தது, மறுபடி கரண்டு போயிற்று. குஞ்சுகள் இந்த முறை நிமிர்ந்து பார்க்கவில்லை. யார் மூக்கில் இறகு இருக்கிறது என்று பார்த்து ஓடின.