பொட்டு வைத்த திருப்புளி

விருத்தாசலத்தில் பூவராகன் என்ற மெக்கானிக்கின் தோள்பையில் ஒரு திருப்புளி இருந்தது. ஊரிலுள்ள நகல் மெஷின்களை எல்லாம் இருபது வருஷமாகத் திறந்து மூடிய திருப்புளி. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அதன் பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது, இதுதான் நமக்குக் கடைசிப் பொட்டோ என்று அதற்குப் பயம் வந்துவிட்டது. கடைவீதி வக்கீல் அலுவலகத்தில் வந்திறங்கிய புது நகல் மெஷினுக்குள் ஒரு செயற்கை நுண்ணறிவு குடியிருந்தது. மெஷினுக்கு என்ன கோளாறு என்று அதுவே வாய் திறந்து சொல்லிவிடும். அடுத்த மாதத்திலிருந்து பராமரிப்பு ஒப்பந்தம் தேவைப்படாது என்று மேலாளர் வேதநாயகி பூவராகனிடம் நாசூக்காகச் சொல்லியிருந்தார். ஒரு அலுவலகம் சொன்னால் மற்ற அலுவலகங்களும் சொல்லும். அப்புறம் திருப்புளிக்கு மேசை டிராயர்தான் கதி.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த காலையில் வேதநாயகியிடமிருந்தே போன் வந்தது. மெஷின் ஒரு தாளைக்கூட இழுக்க மாட்டேன் என்கிறதாம்.

பூவராகன் பையை இறக்கியதும் நுண்ணறிவு தன் தீர்ப்பை வாசித்தது. தாள் சிக்கியிருக்கிறது என்கிறது சென்சார். ஆனால் உள்ளே தாள் எதுவும் இல்லை. ஆகவே சென்சார் செத்துவிட்டது. புதிது வர நான்கு நாளாகும். மாட்டுவதற்கு யாராவது ஓர் ஆள் போதும். அந்த 'யாராவது' திருப்புளிக்குச் சுருக்கென்று தைத்தது.

பூவராகன் உடனே திருகில் கை வைக்கவில்லை. மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூடியின் மேலும் ஒரு பொட்டு காய்ந்து கிடந்தது.

"மேடம், பூஜை சாமானெல்லாம் எங்க வச்சுக் கும்பிட்டீங்க?"

"இது மேலதாண்ணே. வக்கீல் ஆபீஸ்ல வேற என்ன ஆயுதம் இருக்கு?"

திருப்புளிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அது மெதுவாக நுண்ணறிவை விசாரித்தது. "பூஜை நடந்தப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"பூஜையா? என் பதிவில் அப்படி ஒன்றும் இல்லையே. விடுமுறைக்கு முந்தின நாள் மூன்று மணிக்கே என்னை அணைத்துவிட்டார்கள்."

"அணைச்சுட்டுத்தான் பொட்டு வைப்பாங்க. சரி, கூச்சப்படாம இரு."

திருப்புளி சுழன்றது. ஆறு திருகுகள் கழன்றன. தாள் வருவதை சென்சாருக்குச் சொல்லும் சின்ன நெம்புகோலின் அடியில், கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு பொரி. பூவராகன் அதை எடுத்துப் போட்டுவிட்டு மெஷினை இயக்கினார். தாள் சரசரவென்று ஓடியது. வேதநாயகி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நுண்ணறிவு தன் பதிவுகளை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தது. "ஆயிரக்கணக்கான கோளாறுகளைப் படித்திருக்கிறேன். இதை எப்படி விட்டேன்?"

"நீ மெஷினுக்குள்ள இருக்க. பொரி வெளியிலேர்ந்து வந்துச்சு" என்றது திருப்புளி.

நுண்ணறிவு கோபித்துக்கொள்ளவில்லை. திறந்ததுதான் திறந்தீர்கள், இடது பக்கத்து ரோலரையும் பாருங்கள், இரண்டு மாதம் தாங்காது என்று பூவராகனிடம் சொன்னது. பார்த்தால், உண்மைதான். கம்பெனியிலேயே கோணலாக மாட்டியதால், புது மெஷினிலும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருந்த ரோலர்; இருபது வருஷ அனுபவத்துக்கும் அது தட்டுப்பட்டிருக்காது. பயல் கெட்டிக்காரன்தான் என்று திருப்புளி மனதாரச் சொல்லிக்கொண்டது. அதற்குப் பயம் போயிருந்தது.

ஒப்பந்தத்தை நிறுத்துவதைப் பற்றி வேதநாயகி அப்புறம் வாயே திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பூவராகன் கருவிகளைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வக்கீல் அலுவலக எண். பேசியது வேதநாயகி இல்லை.

"இன்று மூன்று மணிக்கு இங்கே பூஜை. பொரி வாங்க ஆள் போயிருக்கிறது. விடுமுறை முடிந்ததும் முதலில் இங்கே வந்துவிடுங்கள். அந்தத் திருப்புளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."