எத்தனை அறை?

“இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் ஒண்ணுமே மண்டையில ஏற மாட்டேங்குது?”

கேட்டவர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர் குருசாமி. பெயரிலேயே குரு இருந்தும், பதில் தேடி அவர் போனது சத்துணவுக் கூடத்துக்கு. அங்கே சமைக்கும் வேலம்மா இதே பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை அவரோடு படித்தவர்.

வேலம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏறலன்னு யாரு சொன்னா சார்?”

“மார்க்கு சொல்லுது. ஒன்றியத்துலயே நாமதான் கடைசி. மெல்லக் கற்போர் பட்டியல் இன்னைக்கே அனுப்பணும்.”

“மொதப் பேரு யாரு?”

“மூணாவது படிக்கிற யோகலட்சுமி.”

வேலம்மாவின் கை நின்றது.

“வேண்டாம் சார். பட்டியல்ல பேரு வந்தாப் போதும், படிப்பு வரலயாம்னு அவ அப்பன் செங்கச் சூளை வேலைக்கு இழுத்துட்டுப் போயிருவான்.”

“நான் என்ன செய்ய? அவ எழுதுன பதிலப் பாரு.”

“கை ஈரமா இருக்கு. நீங்களே படிங்க.”

குருசாமி எரிச்சலோடு படித்தார்.

“கேள்வி, உன் வீட்டில் எத்தனை அறைகள் உள்ளன? பதில், அப்பா குடித்தால் இரண்டு. குடிக்காவிட்டால் இல்லை.”

தாளை மடித்தார்.

“பாத்தியா, உளறி வச்சிருக்கா. அதான் முட்டை போட்டேன்.”

“எழுத்துப் பிழை இருக்கா?”

“இல்ல.”

வேலம்மா ஈரக் கையால் தன் கன்னத்தில் பட்டென்று ஒன்று வைத்துக்கொண்டார்.

“சூளைக் குடிசையில ரூம்பு ஏது சார்? அறைன்னா எங்களுக்கு இது ஒண்ணுதான்.”

குருசாமி தாளைப் பிரித்து மறுபடி படித்தார். முட்டையை அடித்துவிட்டு முழு மார்க் போட்டார். பட்டியலிலும் அந்தப் பெயரை அடித்தார். மற்ற தாள்களையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மனசு லேசானது. லேசானதும் பழசெல்லாம் வரிசையாக வந்தது. கோவை இலை தேய்த்துத் துடைத்த சிலேட்டின் பச்சை வாசனை. மணியடித்ததும் மக்காச்சோள உப்புமாவுக்கு ஓடிய ஓட்டம். ஒன்பதாம் வாய்பாட்டில் இவர் முழிக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்து வாயசைத்துக் காப்பாற்றிய வேலம்மா. அதில் ஒரு நாளாவது திரும்பி வராதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

“நம்ம வகுப்புல உனக்குத்தான் நல்லாப் படிப்பு வரும். நீ ஏன் வேலம்மா மூணாவதோட நின்னுட்டே?”

“இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கா? என்னை எழுப்பி இந்தத் தாள்ல இருக்கிற கேள்வியத்தான் கேட்டாரு. ‘நேத்து மூணு சார்’னு சொன்னேன்.”

ஞாபகம் இருந்தது.

“எல்லாரும் சிரிச்சாங்க,” என்றார் குருசாமி, மெதுவாக.

வேலம்மா அடுத்த முட்டையை எடுத்தார்.

“எல்லாரும் அப்புறந்தான் சிரிச்சாங்க. மொதல்ல சிரிச்சது நீதான்டா, குருசாமி.”