கருவேலத்தின் நெஞ்செரிச்சல்

அந்தக் காலத்தில், மரமும் ஆணியும் வாய் திறந்து பேசிய நாளில், எல்லா மரமும் கரும்பு மாதிரி இனித்துக் கிடந்தது. இரும்பாணியை அடித்தால், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல அது மரத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். நூறு வருஷமானாலும் துரு என்ற பேச்சே கிடையாது.

கடற்கரையில் காத்தமுத்து என்று ஓர் ஓடாவி இருந்தான். படகு கட்டுவது அவன் தொழில். வேலையில் கெட்டிக்காரன்; அவசரம்தான் அவனைப் பிடித்த சனியன். அவன் மனைவி அஞ்சலையின் தம்பி சிலம்பனுக்குக் கருவேல மரத்தில் ஒரு படகு கட்ட ஆரம்பித்தான்.

"எனக்குக் கூடப் பிறந்தது அவன் ஒருத்தன்தான். கடலுக்குப் போற உசுரு. பார்த்துக் கட்டுய்யா" என்றாள் அஞ்சலை.

ஆணி அடிக்கும் முன் மரத்துக்கு ஒரு சட்டி கஞ்சித் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, ஒரு மாதம் வெயிலில் காயவிடுவது ஓடாவிகளின் வழக்கம். காத்தமுத்து அடுப்படிக்கு ஓடினான். அங்கே இருந்த இரண்டு சட்டிகளில் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிவந்து பலகைமேல் கவிழ்த்தான். கருவேலம் மடமடவென்று குடித்தது. குடித்ததும் அதன் முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"ஓடாவியாரே, என்னத்தைய்யா ஊத்துனீரு? நெஞ்செல்லாம் எரியுதே!"

உள்ளேயிருந்து அஞ்சலை கத்தினாள்: "மீன் குழம்புக்குக் கரைச்சு வச்ச புளித்தண்ணிய எந்தக் கட்டையில போறவன் எடுத்தான்?"

காத்தமுத்து காலிச் சட்டியைப் பலகைக்கு அடியில் ஒளித்தான். நாளைக்கே படகு வேண்டும் என்று சிலம்பன் வந்து நிற்கிறான். வேறு மரத்துக்கு எங்கே போவது? காயவும் விடாமல், ஈரத்தோடு ஈரமாக ஆணிகளை இறக்கினான்.

"மச்சான், மரம் ஏதோ முனகுதே?" என்றான் சிலம்பன்.

"புது மரம்னா அப்படித்தான் மாப்ள. போகப் போகப் பழகிடும்."

மறுநாள் காலை இருவரும் கடலில் இறங்கினார்கள். உப்புத் தண்ணீர் பட்டதுதான் தாமதம், கருவேலம் ஏப்பம் விட்டது. சாதாரண ஏப்பமா? நாலு நாள் பழங்கூழ் ஏப்பம்!

"ஐயையோ! இது வீடா, ஊறுகாய்ச் சாடியா?" என்று ஆணிகள் அலறின. அடுத்த ஏப்பத்தில் ஒவ்வொன்றும் ஊசியாக இளைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று கடலில் குதித்தது. படகு பலகை பலகையாகப் பிரிந்தது. சிலம்பன் தலை தண்ணீருக்குள் போனது.

காத்தமுத்து தண்ணீரைத் துழாவித் துழாவிச் சிலம்பனைத் தேடினான். சின்னப் பிள்ளையில் தான் தோளில் சுமந்து திரிந்த பையன் அவன்.

"கருவேலமே! புளியை ஊத்துனவன் நான். தெரிஞ்சும் மறைச்சவன் நான். என்னை முழுங்கு, அவனை விட்டுடு!" என்று அழுதான்.

"இதை நேத்தே சொல்லியிருந்தா வெயில்ல கிடந்து ஆறியிருப்பேனே, மனுஷா" என்றது மரம். சொல்லிவிட்டு, சிலம்பனுக்கு அடியில் ஒரு பலகையைக் கொடுத்துத் தூக்கியது. இன்னொரு பலகையில் காத்தமுத்துவையும் ஏற்றிக்கொண்டு கரைக்குத் தள்ளியது.

கரையில் அஞ்சலை தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். புருஷனுக்குக் கொடுத்ததை இங்கே சொல்வதற்கில்லை.

"இந்தப் புளிப்பு இனி என் வம்சத்தை விடாது" என்றது கருவேலம். "ஈரம் பட்டா ஏப்பம் வரும். என்னை நல்லாக் காயவச்சு அடி. ஆணிக்கும் எண்ணெய் பூசி அனுப்பு. எண்ணெய் இல்லையா, மரத்தாணியே போதும். எங்க ஆளை நாங்க கடிக்க மாட்டோம்."

காடு முழுக்க அந்த நெஞ்செரிச்சல் மற்ற மரங்களுக்கும் கூடக்குறையத் தொற்றிக்கொண்டது.

அன்று முதல்தான் ஈர மரத்தில் அடித்த இரும்பாணியைச் சுற்றிக் கன்னங்கரேல் என்று கறை படிந்து, ஆணியும் அரித்துப் போகிறது. அன்று முதல்தான், கதவோ கட்டிலோ கேட்டு நாம் எத்தனை முறை போய் நின்றாலும், தச்சர் நம் முகத்தைப் பார்க்காமலே, "மரம் இன்னும் காயலீங்க" என்கிறார்.