அணையாத விளக்கு வைத்த கூடு

இரண்டாவது முட்டையும் பொரியவில்லை. பெண்குருவி அதைக் காலால் வெளியே தள்ளிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றின்மேல் உட்கார்ந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

பனையில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடு அது. மற்ற குருவிகள் கூட்டுக்குள் களிமண் அப்பி, அதில் மின்மினியை ஒட்டி வெளிச்சம் வைக்கும். மின்மினி செத்தால் வேறு பிடிக்க வேண்டும். இந்த ஆண்குருவிக்கு அதில் சலிப்பு. காட்டோரக் குழியில் மனிதர்கள் கொட்டிய பழைய கருவியிலிருந்து, பச்சையாக மின்னும் வில்லை ஒன்றைக் கொத்திவந்து ஒட்டிவிட்டது.

அந்தக் குழியில் குடியிருந்த எலி மரத்தடிக்கு வந்தது. அதன் முதுகில் பாதி மயிர் இல்லை.

“அதைத் தூக்கி எறி. ஏழு குட்டி போட்டேன், ஒண்ணுகூட நிக்கல.”

“வில்லை என்ன கடிக்கவா செய்யுது, எலியக்கா?” என்றது ஆண்குருவி.

“அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருது. முகமூடி போட்டுக் குழியை அள்ள வந்தவங்க பேசிக்கிட்டாங்க. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்காம். ரெண்டு பனைநாரைச் சேத்து முறுக்கின மாதிரி. குஞ்சை எப்படிக் கட்டணும்கிறது அதுலதான் இருக்கு. கதிர் அந்த நாரை அறுக்குது.”

“அறுந்தா முடிச்சுப் போட்டுட்டுப் போறேன். என் தொழிலே அதுதானே.”

“ஒரு நார் அறுந்தா உடம்பே பக்கத்து நாரைப் பாத்துச் சரிபண்ணிக்கும். ரெண்டும் ஒரே இடத்துல அறுந்தா? முனையைத் தப்பாச் சேத்துடும். அப்புறம் குஞ்சு எப்படி ஒழுங்கா வரும்?”

“எனக்கு ஒண்ணும் வலிக்கலையே.”

“வலிக்காதுய்யா. அதான் தொல்லை.”

பெண்குருவி உள்ளேயிருந்து சொன்னது: “இந்த ஒண்ணாவது மிஞ்சட்டும். இப்பவே எடு.”

“நாளைக்கு எடுக்கிறேன். பக்கத்துப் பனைக்காரங்க விளக்கைப் பாக்க வர்றாங்க.”

வந்தார்கள். பார்த்தார்கள். புகழ்ந்தார்கள். நாளை என்றது மூன்று நாளானது. கடைசி முட்டை பொரிந்தது. குஞ்சுக்கு ஒரு பக்கம் சிறகே இல்லை. இரண்டு நாள் உயிரோடு இருந்தது.

பெண்குருவி மின்மினி வைத்த வேறொரு கூட்டுக்குப் போய்விட்டது. ஆண்குருவி அன்றே புதுக் கூடு பின்ன ஆரம்பித்தது. பின்னி முடித்ததும் பழைய கூட்டிலிருந்து வில்லையைப் பெயர்த்தது.

“அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே” என்றது எலி.

குருவி அதைக் கொண்டுபோய்ப் புதுக் கூட்டின் ஈரக் களிமண்ணில் அழுத்தியது.

கண்ணுக்குத் தெரியவில்லை, வலிக்கவில்லை என்பதற்காகக் கெடுதல் இல்லாமல் போய்விடாது. எறி என்று இரண்டு பேர் சொன்னார்கள், ஆண்குருவி எறியவில்லை.