அரசர் காலைத் தூக்கிய கதை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டில், அரசருக்கு விசித்திரமான ஆசை ஒன்று பிறந்தது. ஊர் ஊராக அலையாமல், அரியணையில் அமர்ந்தபடியே நாட்டின் ஏரிகளையெல்லாம் பார்த்துவிட வேண்டுமாம். ஏரிகளுக்குப் பொறுப்பான அமைச்சர் கச்சிராயர் சபைத் தரையில் சுண்ணாம்பால் நாட்டுப்படம் வரைந்தார். நல்ல ஏரிக்கு ஒரு வட்டம். கரை உடைந்த ஏரிக்கும் வட்டம்தான். அந்தக் கோட்டில் மயிரிழை அளவு இடைவெளி மட்டும் விட்டிருந்தார். கரைகளைக் கவனிக்காமல் விட்டவரே அவர்தானே. அரசருக்கு எல்லாமே வட்டமாகத் தெரிய, நாடு நலமென்று நிம்மதியாக இருந்தார்.

அரசவை விகடகவி விடங்கனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடைப்புகளை அவன் நேரில் பார்த்திருந்தான். பத்து நாளில் மழை இறங்கும். அறுபது ஊர்களை வெள்ளம் கொண்டுபோகும். சபையில் எழுந்து அதைச் சொல்லியே விட்டான்.

உடைப்புகளும் படத்தில் இருக்கின்றனவே, மன்னர் கண்ணில் குறையென்கிறானா என்று கேட்டார் கச்சிராயர். கூடவே நிபந்தனையும் போட்டார். குறிகள் கூடவோ குறையவோ கூடாது, வெள்ளையைத் தவிர வேறு நிறம் கூடாது, வாய் திறந்து விளக்கவும் கூடாது. அப்படியே உடைந்த ஏரிகளை மன்னருக்கு ஒரே பார்வையில் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும். அரசரும் சரியென்றுவிட்டார்.

விடங்கன் பின்வாங்கவில்லை. அன்று முழுவதும் மண்டியிட்டு, உடைந்த ஏரிகளின் வட்டங்களை மட்டும் அழித்து, ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு தேள் வரைந்தான். முட்டி தேய்ந்தது, கோபம் தேயவில்லை.

மறுநாள் காலை அரசர் அரியணையில் அமர்ந்து தரையைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் இரண்டு காலையும் தூக்கி அரியணைமேல் வைத்துக்கொண்டார்.

“மன்னா, வேண்டுமென்றே தங்களைப் பயமுறுத்துகிறான். உடைந்த ஏரி தேளா?” என்றார் கச்சிராயர்.

மன்னர் கண்டுகொண்டார், இனி வாய் திறக்கலாமென்று விடங்கன் வணங்கினான்.

“தேள் இல்லைதான், அமைச்சரே. வட்டமும் இல்லை. எண்ணிப் பாருங்கள், தாங்கள் போட்ட குறிகள் எத்தனையோ அத்தனைதான். மன்னர் கண் தூங்கும்படி தாங்கள் வரைந்தீர்கள், நான் எழுப்பினேன்.”

அரசர் தம் காலைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். விடங்கனோ, மாலை இருக்கட்டும், ஆயிரம் மண்வெட்டி வேண்டும் என்றான். இரண்டையும் கொடுத்த அரசர், முதல் மண்வெட்டியைக் கச்சிராயர் கையில் திணித்தார்.

“ஒரு கரை அடைபட்டால் ஒரு தேள் வட்டமாகும். கடைசித் தேள் போகும்வரை சபையில் என் கால் தரையில் படாது. அதுவரை உம் கால் சேற்றிலேயே இருக்கட்டும்.”

எட்டாம் நாள் அரசர் காலை இறக்கினார். ஒன்பதாம் நாள் மழை இறங்கியது. அறுபது ஊரிலும் அடுப்பு எரிந்தது.